இரண்டு கையால் ஏறுகிற படி

அன்று காலை ஏறாவூரில் ஹலீமா அக்காவின் வீட்டு வளவுக்குள் நின்றவர்கள் இவர்கள்.

ஹலீமா அக்கா. வீட்டுக்காரி. முழங்கால் வருத்தம். புருசன் கட்டாரில் வேலை.

அவருடைய இளைய மகள் ஸில்மியா. முன்பள்ளி ரீச்சர்.

மூத்த மருமகன் ரிஸ்வி. கீழ்வீட்டில் குடியிருப்பவர்.

நசீர். கம்பி கட்டுகிறவன். என்னோடு பல வருசம் வேலை செய்தவன்.

பிறகு நான். தவராசா. ஊர் செங்கலடி. பலகை மேசன். வலது கை முறிந்து, முழங்கையில் இருந்து விரல் கணு வரைக்கும் பிளாஸ்டர். கழுத்தில் இருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கம் இல்லை. இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்கு அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதனால் எழுதுகிறேன்.

1. பலகை

கொங்கிறீட் வரும்போது கூழ். நாங்கள் அடித்து வைத்த பலகைக்குள் விழுந்து, பலகை எப்படி நிற்கிறதோ அப்படியே கல்லாகும். பலகை பிழைத்தால் கல்லும் பிழை. பிறகு உடைக்கத்தான் வேண்டும்.

சுவர், தூண், பீம் எல்லாவற்றுக்கும் யாரும் பலகை அடிப்பார்கள். மாடிப்படிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். படியில்தான் ஆட்கள் பிழைவிடுவார்கள். ஒரு படி அரை அங்குலம் கூடினால் கால் கண்டுபிடித்துவிடும்.

நான் படிக்குக் கணக்குப் பார்ப்பது இப்படி. முதலில் டேப் பிடித்து உயரமும் நீளமும் பார்ப்பேன். பிறகு டேப்பைச் சட்டைப்பைக்குள் போடுவேன். படி வர வேண்டிய இடத்தில் நிற்பேன். வலது கையை நிமிர்த்துவேன். அது படியின் முகம். இடது கையை அதன் தலையில் படுக்க வைப்பேன். மணிக்கட்டும் சேர்த்து, அது கால் வைக்கிற இடம். மறுபடி வலது கை நிமிரும். மறுபடி இடது கை படுக்கும். அப்படியே காற்றில் ஏறிப் போவேன். மேலே போய்ச் சேர்ந்தால் கணக்குச் சரி. இடம் போதாவிட்டால் கை சுவரில் முட்டும். பார்க்கிறவர்கள் நான் மந்திரிக்கிறேன் என்று பகிடி பண்ணுவார்கள்.

அதை நான் ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். யோசிக்கும்போது சிலர் தலையைச் சொறிவது மாதிரி. கணக்கு மண்டைக்குள் நடக்கிறது, கை சும்மா ஆடுகிறது என்று நினைத்திருந்தேன்.

கை முறிந்தது வேறு ஒரு வேலையில். பலகை கழற்றும்போது பீம் அடியில் நின்ற முட்டுத்தடி சரிந்து விழுந்தது. ஆனால் ஹலீமா அக்காவின் படியை நான் ஏற்கனவே ஒப்புக்கொண்டிருந்தேன். மாரி தொடங்கப் போகிறது. ஆணி அடிக்க ஆள் இருக்கிறது, கணக்குப் பார்த்துக் கோடு போட்டுக் கொடுக்க மட்டும் வந்தால் போதும் என்று நசீர் சொன்னான். கணக்குக்குக் கை எதற்கு என்று நானும் நினைத்தேன்.

என்னைக் கண்டதும் ஹலீமா அக்கா முதலில் கையைப் பார்த்துக் கவலைப்பட்டார். பிறகு சிரித்தார்.

"ஆசுபத்திரியில மேசனுக்கே பூச்சுப் பூசி உட்டிரிக்காங்க."

"பூச்சு நல்லாத்தான் இரிக்கு அக்கா," என்றேன். "லெவல்தான் செரியில்ல."

2. தனி வழி

எங்கள் பக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ, வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஹலீமா அக்காவுக்கு இரண்டு பெண்கள். வளவு ஒன்று. கீழ்வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் கொங்கிறீட் தளம், எங்கள் பேச்சில் பிளேட், போட்டு, இளையவளுக்கு மேல்வீடு கட்டி முடிகிற நேரம். தாயும் மேல்வீட்டில் இளையவளோடு இருக்கப் போகிறார்.

முதல் பிளானில் படி கீழ்வீட்டுக்குள், ஹோல் என்கிற முன்கூடத்தில் இருந்தது. அது கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பு கீறிய பிளான். பிறகு ஓட்டமாவடியில் இருந்து ஸில்மியாவுக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்கள். அவர்கள் சீதனம் எதுவும் கேட்கவில்லை. ஒரு விசயம்தான் சொன்னார்கள். மேல்வீட்டுக்குத் தனி வழி வேண்டும். மூத்தவளின் ஹோலுக்குள்ளால் தினம் போய்வர ஏலாது.

அது நியாயம்தான். ஆகவே படி வெளியில் வர வேண்டும்.

இடம் இதுதான். கீழ்வீட்டின் பக்கச் சுவரில், சமையல் செய்கிற குசினியின் கதவு. கதவு விளிம்பில் இருந்து வீட்டின் பின்மூலை வரைக்கும் ஆறு அடி பத்து அங்குலம். அதாவது எண்பத்திரண்டு அங்குலம். படி கதவு ஓரத்தில் தொடங்கி, சுவரோடு ஏறி, மூலையில் லேண்டிங்குக்கு, நின்று திரும்புகிற தட்டுக்கு, போக வேண்டும். அங்கே திரும்பி, பின்சுவரோடு மிச்சம் ஏறி மேலே போக வேண்டும். பின்பக்கம் மதில் வரைக்கும் மூன்று அடிதான் கிடந்தது. அந்த மூன்று அடியும் லேண்டிங்குக்குச் சரி. அதற்கு மேல் மற்றவர் காணி.

பின்சுவர்ப் பக்கம் நீளத்துக்குக் குறைவில்லை. பிரச்சினை கதவுக்கும் மூலைக்கும் நடுவில்தான்.

நான் கணக்குச் சொன்னேன். நிலத்தில் இருந்து மேல் பிளேட் வரைக்கும் பத்தரை அடி. நூற்றிருபத்தாறு அங்குலம். ஒரு படியின் உயரம் ஏழு அங்குலம். பதினெட்டு உயரம் வரும். லேண்டிங்குக்குப் பாதி. ஒன்பது. கால் வைக்கிற அகலம் பத்து அங்குலம். ஒன்பது பத்து தொண்ணூறு.

தொண்ணூறு. இடம் எண்பத்திரண்டு.

நசீர் மூலையில் இருந்து டேப்பை இழுத்துத் தொண்ணூறில் சோக்கால் கோடு போட்டான். கோடு குசினிக் கதவுக்கு முன்னால் எட்டு அங்குலம் நீட்டிக்கொண்டு கிடந்தது. ரிஸ்வி வந்து அந்த எட்டு அங்குலத்துக்குள் தன் காலை வைத்துப் பார்த்தார். சரியாகப் படியில் இடறுகிற இடம்.

"மேசனார், என்ட பொஞ்சாதி கஞ்சி வடிக்கிற பானையோட இதாலதான் வெளிய வாறவ," என்றார். "கீழ படி கிடக்கிறது அவக்குத் தெரியாது. விழுந்தா ஆரு பொறுப்பு?"

அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

அகலத்தை ஒன்பது அங்குலமாக்கலாமா என்று நசீர் கேட்டான். ஏறலாம். இறங்கும்போது குதிகால் உள்ளே, விரல் வெளியே நிற்கும். மழை நேரம் சறுக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. படிகளைக் குறைத்து உயரத்தை எட்டு அங்குலமாக்கலாமா என்று ரிஸ்வி கேட்டார். ஹலீமா அக்கா தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ஹோலுக்குள்ளயே வைப்பம் மாமி," என்றார் ரிஸ்வி. "நாங்க என்ன வழி மறிக்கவா போறம்?"

ஹலீமா அக்கா மகளைப் பார்த்தார். ஸில்மியா அந்தச் சோக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க மறிக்க மாட்டீங்க மச்சான். ஆனா நானும் அவரும் சண்டை பிடிச்சாலும் உங்கட ஹோலுக்குள்ளாலதான் போகணும். சிரிச்சாலும் உங்கட ஹோலுக்குள்ளாலதான் போகணும். அவங்க இதுக்குச் சம்மதிக்க மாட்டாங்க. எனக்கும் விருப்பமில்ல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

3. கட்டின கை

மறுபடி கணக்குப் பார்த்தேன். பதினெட்டு. பாதி ஒன்பது. ஒன்பது பத்து தொண்ணூறு. இன்னொரு தரம் பார்த்தேன். தொண்ணூறு.

எனக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு. காத்தான்குடியில் இதே உயரத்துக்கு, இதைவிடக் குறைந்த இடத்தில் படி வைத்திருக்கிறேன். அந்தப் படியில் இப்பவும் ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். அங்கே வந்தது இங்கே ஏன் வராது? எப்படி வைத்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அந்தச் சுவர் ஞாபகம் இருந்தது, அந்த மரப்பலகையின் நிறம்கூட ஞாபகம் இருந்தது. கணக்கு மட்டும் இல்லை.

இடது கையால் மட்டும் ஏறிப் பார்த்தேன். படுக்க வைத்தேன், தூக்கினேன், படுக்க வைத்தேன். கை எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. அடுத்த படிக்கு அடி இல்லை. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனது. ஒற்றைக் காலில் ஏணி ஏறுவது மாதிரி இருந்தது.

ஸில்மியா கிட்ட வந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிளாஸ்டரைத்தான் பார்த்தாள்.

"அங்கிள், உங்கட விரல் துடிக்கிது."

குனிந்து பார்த்தேன். பிளாஸ்டருக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் மேலே மேலே எத்திக்கொண்டிருந்தன. எனக்கே தெரியாமல்.

அவள் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். பெரிய ஆட்கள் யாரும் பார்க்க வந்தால் பிள்ளைகளைக் கையைக் கட்டி இருக்கச் சொல்வார்களாம். மரியாதைக்கு. அந்த நேரம் மூன்றும் நாலும் எத்தனை என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் வராதாம். கையை அவிழ்த்துவிடச் சொன்னால், விரல் ஆடி முடிகிறதுக்கு முன்னம் வாயில் விடை வந்துவிடுமாம்.

"உங்கட கையையும் கட்டித்தானே வெச்சிரிக்காங்க," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருசம் மண்டை வேலை செய்கிறது, கை ஆடுகிறது என்று நினைத்தேனே. அது அப்படி இல்லையோ?

"நசீர், இஞ்ச வா," என்றேன். "உன்ட வலது கையத் தா."

"என்னத்துக்கு அண்ணன்?"

"எனக்கு ஒரு கை குறையுது. நீ நிமித்து. நான் கிடத்துறன்."

நசீர் சுற்றிப் பார்த்தான். கம்பி வளைத்து வளைத்துக் காய்த்த கை. "ரெண்டு கிழவனும் கைதட்டி விளையாடுறானுகள் எண்டு ஏறாவூர் முழுக்கக் கதைக்கப் போகுது," என்றான். ஆனால் வந்து நின்றான்.

கதவு விளிம்பில் குந்தினோம். நிலத்தில் அவன் வலது கையை நிமிர்த்தினான். அதன் தலையில் நான் இடது கையைப் படுக்க வைத்தேன். என் கையின் விளிம்பில் அவன் மறுபடி நிமிர்த்தினான். நான் படுக்க வைத்தேன். மூன்றாவதில் எனக்கு வந்துவிட்டது. என்ன வந்தது என்று சொல்லத் தெரியாது. கால் பழகின இருட்டில் நடக்கிற மாதிரி, அடுத்தது எங்கே என்று கைக்குத் தெரிந்தது.

ஸில்மியா நசீரின் கையை எண்ணினாள். நிற்கிற கை. ஹலீமா அக்கா என் கையை எண்ணினார். கிடக்கிற கை. அவர் பெருவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து வைத்து எண்ணினார். ரிஸ்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

குந்தி இருந்த நாங்கள் அரையாக எழும்பினோம். பிறகு முழுதாக எழும்பினோம். சுவரோடு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஏறினோம். நசீர் சிரிப்பதை விட்டுவிட்டான். அவனுக்கும் பிடித்துவிட்டது.

நசீரின் கை ஒன்பதாவது தரம் நிமிர்ந்தது. ஸில்மியா ஒன்பது என்றாள்.

நான் அதன் தலையில் என் கையைப் படுக்க வைக்கப் போனேன். கை மூலையைத் தாண்டிப் போனது. அங்கே சுவர் இல்லை. பின்பக்கக் காற்று விரலில் பட்டது.

கை அப்படியே நின்றது. நானும் நின்றேன்.

"இது படி இல்ல," என்றேன்.

"என்ன அண்ணன்?"

"இது லேண்டிங். நான் இப்பக் கிடத்தப் போறது லேண்டிங்கில. அதுக்கு மூண்டடி ஏற்கனவே வெச்சாச்சு. இதையும் படியெண்டு சேத்து ரெண்டு தரம் எண்ணிப்போட்டன்."

ஹலீமா அக்கா தன் விரலைப் பார்த்தார். பெருவிரல் நின்ற கணுவை எங்களுக்குக் காட்டினார்.

"கிடந்தது எட்டுத்தான்."

நிற்கிறது ஒன்பது. கிடக்கிறது எட்டு. ஒன்பதாவது முகத்தில் ஏறி வைக்கிற கால் லேண்டிங்கில் விழுகிறது. அதற்குத் தனியாகப் பத்து அங்குலம் வேண்டாம். எட்டுப் பத்து எண்பது. இடம் எண்பத்திரண்டு.

இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கம் இல்லை. வாழ்நாள் எல்லாம் படி வைத்தவன் நான். முகத்தைவிட மிதி, அதாவது கால் வைக்கிற இடம், ஒன்று குறையும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை. அந்த விதி என் வாயிலும் இல்லை, மண்டையிலும் இல்லை. இரண்டு கைக்கும் நடுவில் இருந்திருக்கிறது. ஒரு கையைக் கட்டினதும் அது போய்விட்டது. நசீரின் கையோடு திரும்ப வந்தது.

ரிஸ்வி இன்னும் நம்பவில்லை. அது நல்லது. கட்டி இருந்த கையை அவிழ்த்தார். கதவு விளிம்புக்குப் போய்க் குந்தினார். தனியாக, தன் இரண்டு கையாலும், நிமிர்த்திக் கிடத்தி நிமிர்த்திக் கிடத்தி ஏறி வந்தார். உதடு மட்டும் அசைந்தது. மூலையில் வந்ததும் அவர் கையும் வெளியே போனது. திரும்பி நடந்தார். குசினிக் கதவுக்கு முன்னால் கிடந்த சோக் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தார்.

"மாமி, தேத்தண்ணி போடச் சொல்லுங்க," என்றார். "மேசனாருக்குச் சீனி கூட."

ஸில்மியா குசினிக்குள் போனாள். போகும்போது சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

4. பிறகு பார்த்த கைகள்

பலகை நசீரும் மற்றவர்களும் அடித்தார்கள். நான் இடது கையால் காட்டினேன். மழைக்கு முன்பே கொங்கிறீட் போட்டாயிற்று.

அந்த வேலையோடு எனக்கு ஒரு விசர் பிடித்தது. ஆட்களின் வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கே போனாலும் அதே வேலை. மனைவி பேசினாலும் அவளின் கையைத்தான் பார்த்தேன். என்னில் என்ன குறை கண்டாய் என்று கேட்டாள்.

நசீர் கம்பிக்கு வெட்டு நீளம் சொல்லும்போது மணிக்கட்டை மடக்குகிறான். கொக்கி வளைகிற பக்கத்துக்குத்தான் மடக்குகிறான். அவனிடம் சொன்னேன். இல்லை என்றான். அடுத்த கம்பிக்கு நீளம் சொல்லும்போது மறுபடி மடக்கினான். தன் கையைத் தானே பார்த்து வாயைப் பிளந்தான்.

கல்குடாவில் மீன்வாடிக்குத் தூண் போடப் போனேன். ஒரு ஆளிடம் வலை எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டேன். அவர் பாகக் கணக்குச் சொன்னார்; விரித்த இரண்டு கையின் நீளம் ஒரு பாகம். சொல்வதற்கு முன்பே அவருடைய இரண்டு கையும் கயிறு விடுகிற மாதிரி விரிந்து விரிந்து போனது. எண்ணிக்கை கையில் முடிந்த பிறகுதான் வாயில் வந்தது.

பனிச்சங்கேணிப் பக்கம் ஒரு மதகு வேலை. இன்ஜினியர் தங்கச்சி போனில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றா. தண்ணீர் ஓடுகிற சரிவைப் பற்றிப் பேச்சு. மற்றப் பக்கத்தில் இருக்கிற ஆளின் கண்ணுக்கு இவவின் கை தெரியாது. ஆனாலும் இவவின் கை காற்றில் சரிவு கீறுகிறது. கொஞ்சம் நிமிர்த்துகிறா, கொஞ்சம் தாழ்த்துகிறா. பிறகு ஒரு இடத்தில் கை நின்றது. அந்த இடத்தில் அவவுக்கு விடை கிடைத்துவிட்டது. நான் தூரத்தில் நின்று பார்த்தேன். பிறகு கிட்டப் போய்ச் சொன்னேன். அவ சிரித்துவிட்டுச் சொன்னா, சோதனை மண்டபத்தில் கையை ஆட்டினதற்குத் தனக்கு ஏச்சு விழுந்திருக்கிறதாம். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று நல்ல கதை.

படித்த ஆள், படிக்காத ஆள் என்று இதில் இல்லை. கை எல்லாருக்கும் யோசிக்கிறது.

ஆகவே தம்பிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். போனில் கணக்குப் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்ட பிறகு அந்த இடத்தில் போய் நில்லுங்கள். இரண்டு கையாலும் செய்து பாருங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். கையும் போனும் ஒத்துப்போகாவிட்டால் பலகையைத் தொடாதீர்கள். எங்கே ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடியுங்கள். பிழை சில நேரம் கையிலும் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. உங்கள் கை ஏலாமல் போனால் மற்றவரின் கையைக் கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

பிளாஸ்டர் வெட்டின கிழமை ஏறாவூருக்குப் போனேன். படிக்கு டைல்ஸ் ஒட்டி முடிந்திருந்தது. ஹலீமா அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, லேண்டிங்கில் மூச்சு வாங்காமல் திரும்பி, மேலே போய் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஓட்டமாவடி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று ஸில்மியா சொன்னாள். மிச்சத்தை அவளின் சிரித்த முகம் சொன்னது.

குசினிக் கதவு திறந்தது. ரிஸ்வியின் மனைவி பானையோடு வெளியே வந்தா. படி பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே நடந்து போய்க் கஞ்சியை ஊற்றிவிட்டு நேரே திரும்பி வந்தா.

மிஞ்சின இரண்டு அங்குலத்தில் முதல் படியின் டைல்ஸும் சாந்தும் ஒரு அங்குலம் தின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். குனிந்து கதவு விளிம்புக்கும் படிக்கும் நடுவில் டேப்பை வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன்.

ஒரு அங்குலம்.